கொல்லைப்புறத்தில் ஃபஹீட்டா: முதன்முறை சுடப்போகிறவர்களுக்கு

மே மாதக் கடைசியில் மெமோரியல் டே விடுமுறை வந்துவிட்டால் ஹூஸ்டனில் எங்கள் தெரு முழுக்கக் கரிப்புகை மணக்கும். அது ஜூலை 4 வழியாகச் செப்டம்பர் வரை ஓயாது. இங்கே குடிவந்த புதிதில் எல்லோருக்கும் ஓர் ஆசை வரும்: நாமும் ஒரு கிரில் வாங்கிப் போட்டு, நாலைந்து குடும்பங்களைக் கூப்பிட வேண்டும். அப்படிக் கூப்பிட நினைப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது ஃபஹீட்டாதான்: தணலில் சுட்ட மாட்டிறைச்சிக் கீற்றுகளை டார்ட்டியா என்ற மெல்லிய ரொட்டியில் மடித்துச் சாப்பிடுவது. முன்வேலை எல்லாம் மதியமே முடிந்துவிடும், பன்னிரண்டு பேருக்கான இறைச்சியை அரை மணி நேரத்தில் சுட்டுவிடலாம், அவரவர் தட்டில் அவரவரே மடித்துக்கொள்வார்கள். அதோடு, டெக்சஸ் மண்ணிலேயே பிறந்த சாப்பாடு இது.

பெயரிலிருந்தே தொடங்குவோம், ஏனென்றால் சமைக்கும் முறை முழுவதும் அந்தப் பெயருக்குள் இருக்கிறது. ஸ்பானிய மொழியில் ‘ஃபாஹா’ என்றால் இடுப்பில் கட்டும் பட்டை. சின்னப் பட்டைதான் ஃபஹீட்டா. மாட்டின் நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கிற உதரவிதானத் தசையை அறுத்து எடுத்தால் நீளமாக, மெல்லியதாக, கச்சை போலவே இருக்கும். கசாப்புக் கடையில் இதை ஸ்கர்ட் ஸ்டேக் என்பார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் மெக்சிகோவில் இதற்கு அர்ரச்செரா என்று பெயர். ஆக, ஃபஹீட்டா என்பது முதலில் ஓர் இறைச்சித் துண்டின் பெயர். குடைமிளகாயும் புகை பறக்கும் இரும்புத் தட்டும் பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டவை.

1930களில் தென் டெக்சஸ் மாட்டுப் பண்ணைகளில் வேலை செய்த வாக்கேரோக்களுக்கு, அதாவது மாடு மேய்க்கும் மெக்சிகோ வம்சாவளித் தொழிலாளிகளுக்கு, கூலியில் ஒரு பங்காகத் தலையும் குடலும் தோலும் இந்தப் பட்டை இறைச்சியும் போய்ச் சேர்ந்தன. முதலாளி வேண்டாமென்று தள்ளியவை. தலையைக் குழியில் வேகவைத்து பார்பகோவா செய்தார்கள், இரைப்பையில் மெனூடோ காய்ச்சினார்கள், இந்தப் பட்டையை மெஸ்கீட் விறகின் தணலில் வாட்டிச் சாப்பிட்டார்கள். மெஸ்கீட் வேறொன்றும் இல்லை, நம் ராமநாதபுரத்துச் சீமைக்கருவேலத்துக்கு நெருங்கிய சொந்தக்காரன். முதல் தடவை அந்தக் காய்களைப் பார்த்ததும் எனக்கு ஊர் நினைவு வந்துவிட்டது.

1969 செப்டம்பரில், ஆஸ்டினில் இறைச்சிக் கடை நடத்திக்கொண்டிருந்த சன்னி ஃபால்கன் என்பவர் பக்கத்தில் கைல் என்ற சிற்றூரில் நடந்த திருவிழாவில் ஃபஹீட்டா டாக்கோவுக்கு, அதாவது டார்ட்டியாவில் மடித்த ஃபஹீட்டா இறைச்சிக்கு, கடை போட்டார். 1973இல் ஹூஸ்டன் நேவிகேஷன் சாலையில் நின்ஃபா லாரென்சோ என்ற அம்மையார், கணவர் இறந்தபின் நொடித்துக்கொண்டிருந்த தன் டார்ட்டியா ஆலையின் முன்பக்கத்தில் பத்து மேசை போட்டு உணவகம் திறந்தார். அங்கே தணலில் சுட்ட இந்த இறைச்சியைத் தின்ன ஊரே திரண்டது. தள்ளிவிட்ட துண்டுக்கு இன்று நல்ல ஸ்டேக்கின் விலை.

சரி, இந்தக் கதை சமையலுக்கு ஏன் வேண்டும்? ஓயாமல் வேலை செய்த தசை இது. சுவை அதிகம், நாரும் அதிகம். மென்மையான ஸ்டேக்குக்குச் செய்கிற எதுவும் இதற்குச் சரிவராது. கடும் சூடு, குறைந்த நேரம், நாருக்குக் குறுக்கே கத்தி. இந்த மூன்றும் கைவந்தால் மசாலாவில் கொஞ்சம் முன்பின் ஆனாலும் பரவாயில்லை.

வாங்கும்போது

கடையில் ஸ்கர்ட் ஸ்டேக் இரண்டு வகை இருக்கும். வெளி ஸ்கர்ட் என்பதுதான் மேலே சொன்ன உதரவிதானம். மூன்று நான்கு அங்குல அகலம், கொஞ்சம் தடிமன், மென்மை அதிகம். உள் ஸ்கர்ட் வயிற்றுச் சுவர்த் தசை. அகலம் கூடுதல், தடிமன் குறைவு, நார் சற்று முரடு. வெளி ஸ்கர்ட் கிடைத்தால் அதை எடுங்கள். கிடைக்காவிட்டால் உள் ஸ்கர்ட்டும் நன்றாகவே இருக்கும். வெறுமனே ‘ஃபஹீட்டா’ என்று எழுதியிருந்தால் எந்தத் துண்டு என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். வேறு பகுதிகளையும் அந்தப் பெயரில் விற்பதுண்டு. ஸ்கர்ட் விலை கட்டுப்படியாகவில்லை என்றால் ஃபிளாங்க் ஸ்டேக் வாங்கலாம். முறை அதேதான், சுடும் நேரம் மட்டும் கூடும்.

ஏற்கெனவே மசாலா தடவி விற்பதை முதல் முறை தவிர்த்துவிடுங்கள். உப்பு எவ்வளவு, எத்தனை நாள் ஊறியது என்பது உங்கள் கையில் இருக்காது.

அளவு: ஆளுக்கு அரை பவுண்டுக்குச் சற்றுக் குறைவான பச்சை இறைச்சி. பன்னிரண்டு பேரில் எல்லோரும் மாட்டிறைச்சி சாப்பிடுபவர்கள் என்றால் ஐந்து பவுண்டு. சுட்டபின் கால் பங்கு சுருங்கும். டார்ட்டியா ஆளுக்கு மூன்று.

வீட்டுக்கு வந்ததும் இறைச்சியைப் பலகையில் விரித்துப் பாருங்கள். மேலே வெள்ளிபோலப் பளபளக்கும் ஒரு சவ்வு ஒட்டியிருந்தால் அதை உரித்தே ஆக வேண்டும். ஒரு முனையைக் கத்தியால் நெம்பி, காகிதத் துண்டால் பிடித்து இழுத்தால் பட்டையாக வந்துவிடும். கெட்டிக் கொழுப்பை மட்டும் சீவுங்கள். உள்ளே இழையோடும் கொழுப்பைத் தொடாதீர்கள், சுவை அதில்தான் இருக்கிறது. அப்புறம் நீளப் பட்டையை ஒரு சாண் துண்டுகளாக வெட்டிக்கொண்டால் கிரில்லில் திருப்பச் சுலபம்.

ஊறவைப்பது

ஐந்து பவுண்டுக்கு நான் போடுவது: அரை கப் எலுமிச்சைச் சாறு, அரை கப் எண்ணெய், கால் கப் சோயா சாஸ், இரண்டு மேசைக்கரண்டி வூஸ்டர் சாஸ், தட்டிய பூண்டு பன்னிரண்டு பல், வறுத்துப் பொடித்த சீரகம் ஒரு மேசைக்கரண்டி, மிளகுத்தூள் இரண்டு தேக்கரண்டி, காரத்துக்கு இரண்டு ஹலபேன்யோ மிளகாயை நறுக்கி, ஒரு கைப்பிடி கொத்தமல்லித் தண்டு. உப்பு இரண்டு தேக்கரண்டி போதும், மீதியைச் சோயா சாஸ் பார்த்துக்கொள்ளும்.

இதில் சோயா சாஸ் எங்கே வந்தது என்று கேட்பார்கள். டெக்சஸ் வீடுகளில் அது சாதாரணம். உப்போடு சேர்த்து ஓர் ஆழமான ருசியையும் தருகிறது, தணலில் நிறமும் நன்றாக ஏறும். கரம் மசாலாவும் இஞ்சி விழுதும் சேர்க்கக் கை பரபரக்கும். தயவுசெய்து வேண்டாம். சேர்த்தால் அது நல்ல கபாப் ஆகும், ஃபஹீட்டா ஆகாது. சீரகமும் பூண்டும் எலுமிச்சையும் ஏற்கெனவே நம் நாக்குக்குப் பழகியவைதானே.

ஊறும் நேரம் இரண்டிலிருந்து நான்கு மணி. இரவு முழுக்க விட்டால் எலுமிச்சையின் புளிப்பு மேல்பரப்பைக் குழைத்துவிடும். நம் வீடுகளில் ஆட்டுக்கறிக்குப் பப்பாளிக்காய் அரைத்துப் போடும் பழக்கம் உண்டு. அதே வேலையை அன்னாசியும் செய்யும். ஆனால் இவ்வளவு மெல்லிய இறைச்சிக்கு இரண்டுமே அளவுக்கு மீறியவை. அரை மணி தாண்டினால் மாவுபோல ஆகிவிடும். ஊறும்போது பாத்திரம் குளிர்ப்பெட்டியிலேயே இருக்கட்டும்.

தீ

முதலில் இடம். சுவரிலிருந்தும் மரவேலியிலிருந்தும் பத்தடி தள்ளி, தலைக்குமேல் கூரையோ கிளையோ இல்லாத சமதரையில் கிரில் நிற்க வேண்டும். அடுக்ககத்தில் இருப்பவர்கள் பால்கனியில் கரி மூட்டலாமா என்று விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள், பெரும்பாலும் அனுமதி இருக்காது. கடும் கோடையில் டெக்சஸ் கவுண்டிகள், அதாவது மாவட்ட நிர்வாகங்கள், திறந்தவெளித் தீக்குத் தடை போடுவதுண்டு. விருந்துக்கு முதல்நாள் உங்கள் கவுண்டி அறிவிப்பை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கரியா கேஸா? கேஸ் கிரில்லில் செய்தால் குற்றமில்லை. எல்லா பர்னரையும் முழுக்கத் திறந்து, மூடி போட்டு, கால் மணி நேரம் காயவிடுங்கள். ஆனால் வாய்ப்பிருந்தால் கரி. இந்த இறைச்சி தணலுக்கென்றே பிறந்தது என்பது என் உறுதியான எண்ணம். உருண்டைக் கரியைவிட மரத்துண்டாகவே இருக்கும் கட்டைக்கரி சூடு அதிகம் தரும். மெஸ்கீட் கட்டைக்கரி டெக்சஸில் எந்தப் பெரிய மளிகைக் கடையிலும் கிடைக்கும். எரியும்போது பொறி பறக்கும் என்பதால் குழந்தைகளைத் தள்ளி நிறுத்துங்கள்.

கரிமேல் ஊற்றும் எண்ணெய் வேண்டாம், அதன் வாடை இறைச்சியில் ஏறும். சிம்னி என்று ஓர் உருளைத் தகரம் விற்கிறது. மேலே கரியை நிரப்பி, அடியில் இரண்டு தாள் செய்தித்தாளைக் கசக்கி வைத்துப் பற்றவைத்தால் இருபது நிமிடத்தில் மேல்கரியும் சாம்பல் பூத்து நிற்கும். அதைக் கிரில்லின் ஒரு பாதியில் மட்டும் குவித்துக் கொட்டுங்கள். மறுபாதி வெறுமையாக இருக்கட்டும். கொழுப்பு சொட்டித் தீ எழும்பினாலோ, ஏதாவது சீக்கிரம் கருகினாலோ அந்தப் பக்கம் நகர்த்திவிடலாம். புதிதாகச் சுடுபவர்களின் பதற்றத்தைப் பாதியாகக் குறைப்பது இந்தக் காலியிடம்தான்.

கம்பிக்கு மேலே நான்கு அங்குலத்தில் உள்ளங்கையை நீட்டுங்கள். இரண்டு வினாடிக்குமேல் தாங்க முடியாவிட்டால் சூடு சரி.

சைவமும் கோழியும்

நம் ஒன்றுகூடல்களில் பாதிப்பேராவது மாட்டிறைச்சி சாப்பிடாதவர்களாக இருப்பார்கள், சிலர் முழுச் சைவம். அவர்களுக்கு ‘சாலட் இருக்கிறது’ என்று சொல்வது விருந்தோம்பல் ஆகாது. எனவே சுடும் வரிசையை இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: தேய்த்துச் சுத்தம் செய்த கம்பியில் முதலில் சைவம், பிறகு கோழி, கடைசியில் மாட்டிறைச்சி. சைவத்துக்குத் தனி இடுக்கி, தனித் தட்டு. கம்பியில் வைத்தாலே வேண்டாம் என்பவர்களுக்கு வீட்டு இரும்புத் தோசைக்கல்லைக் கிரில் மேல் ஏற்றிவிடுங்கள். மெக்சிகோ அடுப்படியில் இருக்கும் கொமால் கிட்டத்தட்ட அதேதான். தோசைக்கல்லில் பெரிய போர்ட்டபெல்லோ காளானும் தடிமனாக நறுக்கிய பனீரும் அற்புதமாக வரும்.

வெங்காயத்தை அரை அங்குல வட்டங்களாக வெட்டி, பிரியாமல் இருக்க ஒரு குச்சியைக் குறுக்கே செருகுங்கள். குடைமிளகாயை நான்காகப் பிளந்து அகலமாகவே சுட்டு, பிறகு நறுக்குங்கள். முதலிலேயே மெல்லியதாக நறுக்கினால் கம்பி இடுக்கில் விழும். தென் டெக்சஸில் பழைய முறைக்காரர்கள் குடைமிளகாயே சேர்ப்பதில்லை. எனக்கும் வெங்காயம் போதும், ஆனால் சைவம் சாப்பிடுபவர்களுக்காக நிறையவே சுடுவேன்.

டார்ட்டியா உறையையும் பீன்ஸ் டப்பாவையும் படித்துப் பாருங்கள். பல வகைகளில் பன்றிக்கொழுப்பு சேர்ப்பார்கள். சைவர்களுக்கும் முஸ்லிம் நண்பர்களுக்கும் இதைப் பார்த்து வாங்குவது நம் பொறுப்பு.

கோழி என்றால் எலும்பில்லாத தொடைக்கறி. நெஞ்சுக்கறி வறண்டுவிடும். அதே மசாலா, பக்கத்துக்கு ஐந்தாறு நிமிடம், உள்ளே 165 டிகிரி ஃபாரன்ஹீட் வரவேண்டும்.

சுடுவது

இறைச்சியை மசாலாவிலிருந்து எடுத்து வழித்துவிட்டு, காகிதத் துண்டால் ஒற்றி ஈரமெல்லாம் போக்குங்கள். ‘இவ்வளவு நேரம் ஊறவைத்ததை ஏன் துடைக்க வேண்டும்’ என்று மனசு கேட்காது. ஆனால் ஈரம் இருந்தால் தணலின் சூடெல்லாம் அதை ஆவியாக்குவதிலேயே போய்விடும். இறைச்சி வேகுமே தவிரச் சிவக்காது.

நேர் தணல்மேல் விரித்துப் போடுங்கள். ஒன்றோடொன்று ஒட்டக் கூடாது. ஐந்து பவுண்டு என்றால் இரண்டு தவணை. போட்டபின் இரண்டரை நிமிடம் தொடாதீர்கள். கரண்டியால் அழுத்தாதீர்கள். அடிப்பக்கம் அடர் பழுப்பாகி, ஓரங்கள் மொறுமொறுவென்று ஆனதும் ஒரே திருப்பு. மறுபக்கம் இரண்டு நிமிடம். தடிமனான வெளி ஸ்கர்ட்டுக்கு ஒரு நிமிடம் கூட்டிக்கொள்ளலாம். சில முனைகள் காகிதம்போல மெலிந்திருக்கும். அவை முந்திக்கொள்ளும், முதலிலேயே காலிப் பக்கத்துக்கு இழுத்துவிடுங்கள்.

வெப்பமானியைப் பக்கவாட்டிலிருந்து செருகிப் பாருங்கள். அமெரிக்க வேளாண்துறை சொல்லும் பாதுகாப்பான அளவு 145 டிகிரி ஃபாரன்ஹீட், பிறகு மூன்று நிமிட ஓய்வு. நடுவில் இளஞ்சிவப்பு இருக்கும். நம்மில் பலருக்கு அது பார்த்துப் பழகாத நிறம். நன்றாக வெந்ததே வேண்டும் என்பவர்களுக்கு மெல்லிய முனைத் துண்டுகளைக் கொடுங்கள், இன்னும் சன்னமாக அரிந்து. எல்லாவற்றையும் அப்படி வேகவைத்தால் செருப்புத் தோல் ஆகிவிடும்.

பச்சை இறைச்சி இருந்த தட்டில் வெந்ததை வைக்கவே கூடாது. ஊறிய மசாலாவை மேலே ஊற்றவும் கூடாது. சுட்டதைப் புதுத் தட்டில் வைத்து ஃபாயிலால் தளர்வாக மூடி, ஐந்து நிமிடம் விடுங்கள். உடனே வெட்டினால் சாறெல்லாம் பலகையில் ஓடிவிடும்.

வெட்டுவது

நான் முதல் முறை செய்தபோது மசாலா சரி, தீ சரி, நிறம் சரி. ஆனால் வந்தவர்கள் மென்றுகொண்டே இருந்தார்கள். பக்கத்து வீட்டுப் பெரியவர் தென் டெக்சஸின் ரியோ கிராண்டே பள்ளத்தாக்கில் பிறந்து வளர்ந்தவர். அவர் எதுவும் சொல்லாமல் எழுந்து வந்து, என் கையிலிருந்த துண்டைப் பலகையில் கால் வட்டம் திருப்பி வைத்தார். ‘இப்போது வெட்டு’ என்றார். அதே இறைச்சி, அதே கத்தி. வாயில் போட்டால் கரைந்தது.

காரணம் எளிது. தசை நார் ஓர் ஈர்க்குக் கட்டு மாதிரி. கட்டு வாக்கிலேயே பிளந்தால் ஒவ்வொரு ஈர்க்கும் முழு நீளத்தில் கிடைக்கும், அதைப் பல்லால்தான் அறுக்க வேண்டும். குறுக்கே நறுக்கினால் துண்டு துண்டாக உதிரும். ஸ்கர்ட் ஸ்டேக்கில் புதியவர்கள் ஏமாறும் இடம் எதுவென்றால், நார் பட்டையின் நீளத்தில் ஓடாது, அகலத்தில் ஓடும். நீளமான பட்டையைப் பார்த்ததும் கை தானாகவே வாழைக்காய் சீவுவதுபோல அகலவாக்கில் வெட்டப் போகும். அது நாரோடு சேர்ந்து வெட்டுவது.

அதனால் இரண்டு படியாகச் செய்யுங்கள். முதலில் பட்டையை நாரின் போக்கிலேயே மூன்று அங்குலத் துண்டுகளாக்குங்கள். பிறகு ஒவ்வொரு துண்டையும் கால் வட்டம் திருப்பி, கோடுகள் கத்திக்குக் குறுக்கே வரும்படி வைத்து, கால் அங்குலக் கீற்றுகளாக அரியுங்கள். நார்க்கோடுகள் கண்ணுக்கு நன்றாகவே தெரியும். சுட்டபின் தெரியாது என்ற பயம் இருந்தால், பச்சையாக இருக்கும்போதே ஒரு படம் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். வெட்டி முடித்ததும் பலகையில் தேங்கிய சாற்றை அதன் மேலேயே ஊற்றி, ஒரு மூடி எலுமிச்சை பிழிந்து, உப்புப் பாருங்கள்.

பரிமாறுவது

டார்ட்டியாவைக் காலிப் பக்கத்துக் கம்பியில் பக்கத்துக்கு இருபது வினாடி வாட்டி, துணியில் சுற்றி, இட்லி சப்பாத்தி வைக்கும் ஹாட்பாக்கில் போட்டுவிடுங்கள். ஒரு மணி நேரம் மெத்தென்று இருக்கும். தென் டெக்சஸ் வழக்கம் கோதுமை டார்ட்டியா, சோளம் பிடித்தவர்களுக்கு அதுவும் கொஞ்சம்.

கூட வைக்க: தக்காளி, வெங்காயம், பச்சைமிளகாய், கொத்தமல்லியைப் பொடியாக நறுக்கி எலுமிச்சை பிழிந்த பீக்கோ டெ காயோ, அவகாடோவைக் கரகரப்பாக மசித்த குவாக்கமோலி, கொஞ்சம் புளித்த கிரீம். சீஸை நான் வைப்பதில்லை, தணல் மணத்தை அது மூடிவிடுகிறது. எவ்வளவு குறைவாக வைக்கிறோமோ அவ்வளவு இறைச்சி பேசும்.

மாலை ஆறரைக்குச் சாப்பாடு என்றால் இரண்டரைக்கு ஊறவைத்து, ஐந்துக்குள் வெங்காயம் மிளகாய் எல்லாம் நறுக்கி வைத்து, ஐந்தேகாலுக்கு சிம்னியைப் பற்றவையுங்கள். ஐந்தே முக்காலுக்குச் சைவமும் கோழியும், ஆறேகாலுக்கு மாட்டிறைச்சி. எல்லோரும் வந்து உட்கார்ந்த பிறகே இறைச்சியைத் தணலில் போடுங்கள். ஃபஹீட்டா காத்திருக்காது, விருந்தினர் ஐந்து நிமிடம் காத்திருக்கலாம்.

வெயில் 90 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் என்றால் எந்தச் சாப்பாடும் வெளி மேசையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. குவாக்கமோலியையும் கிரீமையும் பனிக்கட்டித் தட்டின் மேல் வையுங்கள். மிச்சத்தை உடனே உள்ளே எடுத்துக் குளிர்ப்பெட்டியில் வைத்துவிடுங்கள். மறுநாள் காலை அதைத் தோசைக்கல்லில் சூடாக்கி, இரண்டு முட்டை உடைத்து ஊற்றிக் கிளறி, டார்ட்டியாவில் சுற்றினால் டெக்சஸ்காரர்களின் காலை டாக்கோ. எங்கள் வீட்டில் அதற்காகவே அரை பவுண்டு கூடுதலாக வாங்குவோம். கிரில்லின் மூடியையும் காற்றுத்துளைகளையும் இரவே அடைத்துவிடுங்கள். சாம்பலை மறுநாள் தண்ணீர் தெளித்து, முழுக்க ஆறியது உறுதியான பிறகு மூடியுள்ள தகர வாளியில் கொட்டுங்கள். பிளாஸ்டிக் குப்பைத் தொட்டியில் அன்றைக்கே போடாதீர்கள், உள்ளே கங்கு இருக்கும்.